வேலிக்கு மேலே தெரிந்த கைகள்

இணுவில் கோயில் வீதியை நான் தாண்டியபோது பின்னேரம் நாலு மணி இருக்கும். கையில் ஒரு துணி மூட்டை. அதற்குள் மாற்று வேட்டி ஒன்று, ஒரு சால்வை, ஒரு பேனைக்கட்டை. காலையில் குடித்த கஞ்சிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. முதல் அரைக்கட்டை, அரை மைல் தூரமும், பின்னால் யாராவது கூப்பிடுவார்கள் என்று காதைக் கொடுத்தபடி நடந்தேன். ஏசுவதற்காவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

ஊர்களை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. அளவெட்டியில் ஒரு நாதசுவரக்காரருக்குப் பெட்டி தூக்கியிருக்கிறேன். சாவகச்சேரிப் பக்கம் தேங்காய் உரித்திருக்கிறேன். ஒரு கோடை முழுவதும் சுண்ணாம்புச் சூளையில் வெந்திருக்கிறேன். ஒவ்வோர் இடத்தையும் விட்டபோது அந்த இடத்தின்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதனால் நடை இலேசாக இருந்தது. அன்றைக்குக் கோபம் என்மேலேயே இருந்தது. அப்படி நடக்கிறவனுக்கு ஒரு கட்டை மூன்று கட்டையாகத் தெரியும்.

நான் விட்டு வந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. இணுவிலுக்கு மேற்கே தோட்டங்களுக்கு நடுவில் கிடந்தது. அங்கே தோட்டமும் கிணறும் உள்ள ஒரு பெரிய கமக்காரரிடம் நாலு மாதம் துலா மிதித்தேன். விடியமுன் துலாமரத்தின் மேல் ஏறி, முன்னும் பின்னும் நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் ஓலைப்பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னால் நடந்தால் நிறைந்து மேலே வரும். கீழே ஒருவர் நின்று அதை வாய்க்காலில் கவிழ்ப்பார். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அப்படித்தான் தண்ணீர் போனது. துலாவின் மேல் நிற்கிறவனுக்கு ஊர் முழுவதும் தெரியும். எனக்கு முதலில் தெரிந்தவை குடங்கள்.

கிணற்றிலிருந்து இருபதடி தள்ளி, பூவரச மரத்துக்குக் கீழே, பெண்கள் குடங்களோடு குந்தியிருப்பார்கள். ஊரின் தெற்கு மூலையில் கள்ளுச் சீவுகிறவர்களின் குறிச்சி இருந்தது. அங்கே கிணறு இல்லை. கமக்காரரின் கிணற்றுக் கயிற்றை அவர்கள் தொடக் கூடாது. தொடக்கூடிய சாதியில் பிறந்த ஒருவன் அள்ளி ஊற்றினால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. இறைப்பு முடியும்வரை காத்திருப்பார்கள். முடிந்த பிறகு நான் இறங்கி ஊற்றுவேன். களைத்துப்போன நாட்களில் பாதிக் குடத்தோடு நிறுத்தியிருக்கிறேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தக் குறிச்சியில் ஒரு சீவல்காரர் இருந்தார். என்னிலும் இரண்டு மடங்கு வயது. பனையில் ஏறி ஏறி நெஞ்சும் உள்ளங்காலும் காய்த்துப்போன மனிதர். அவர் இறக்கிய கள்ளை ஓலைப் பிளாவில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்த என்னை, கிழிந்த வேட்டிக்காரனான என்னை, அவர் "நயினார்" என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை "நீர்" என்றேன். "நீங்கள்" என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அவருடைய ஒரே மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். முதல் பிள்ளை போன கோடையில் இறந்துவிட்டது. கமக்காரர் வீட்டில் ஏதோ கோபத்தில் நாலு நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டார்கள். குளத்தில் மிஞ்சியிருந்த சேற்றுத் தண்ணீரைக் குடித்து, வயிற்றோட்டத்தில் பிள்ளை போய்விட்டது. இரண்டாவது பிள்ளை பிறக்கமுன் குறிச்சிக்கு ஒரு கிணறு வேண்டும். அவருக்கு இருந்த எண்ணம் அது ஒன்றுதான். மழையைப் பற்றிக் கதைத்தாலும் மாட்டைப் பற்றிக் கதைத்தாலும் அங்கேதான் வந்து நிற்பார். குறிச்சிக்குப் பக்கத்தில் அரசாங்கக் காணி ஒன்று தரிசாகக் கிடந்தது.

"கல்லு உடைக்க எங்களட்டைக் கை இருக்கு, நயினார்," என்பார். "வெட்டுங்கோ எண்டு ஒரு சொல்லுத்தான் இல்லை."

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனாலும் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்து என் எழுத்தை மட்டும் வடிவாக்கி அனுப்பியிருந்தார்கள். மாவட்டத்தை ஆளும் ஏசண்டர் துரைக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தரச் சொல்லி அவர் கேட்டார். எழுதினேன். முப்பது பேர் பெருவிரல் பதித்தார்கள். கடதாசி தபாலில் யாழ்ப்பாணத்தில் அவருடைய அலுவலகமான கச்சேரிக்குப் போனது.

அரசாங்கம் எங்கேயோ மேலே இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். கடதாசி கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. ஏசண்டர் அதன் ஓரத்தில், விசாரித்து அறிக்கை செய்யும்படி எழுதி, பகுதிக்குப் பொறுப்பான மணியகாரருக்கு அனுப்பினார். மணியகாரர் அதன் கீழே அதையே எழுதி உடையாருக்கு அனுப்பினார். உடையார் அதையே எழுதி எங்கள் ஊர் விதானைக்கு அனுப்பினார். விதானை கமக்காரரின் மருமகன். அவருக்குக் கீழே அனுப்ப ஆள் இல்லாததால் மாமனாரிடம் கொண்டுவந்தார்.

நான் இறைப்பு முடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்கள். கமக்காரருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. கண்ணாடி உடைந்து பட்டினத்துக்குப் போயிருந்தது. விதானைக்குப் பெருவிரலில் நகச்சுற்று, எழுத முடியாது. வாசிக்கவும் பதில் எழுதவும் ஒரே ஆளாக இருக்கட்டும் என்று, என்னுடைய பெட்டிசத்தை என் கையிலேயே தந்து வாசிக்கச் சொன்னார்கள்.

வாசித்தேன். கமக்காரர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குடிதண்ணீர் இன்றிக் குழந்தைகளைப் பறிகொடுக்கும் ஏழைகள் என்று நான் எழுதியிருந்த இடத்தில் மட்டும் ஒருமுறை கண்ணைத் திறந்தார்.

"எழுதினவன் ஆரெண்டாலும் கெட்டிக்காரன்," என்றார். "என்ன தம்பி?"

"ஓம், ஐயா," என்றேன்.

பிறகு பதிலை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேற்படி குறிச்சிச் சனங்களுக்கு நாள்தோறும் தாராளமாகத் தண்ணீர் கொடுக்கப்படுகிறது; கிணறு அவசியமில்லை; இது வெளியூர்க் கலகக்காரர் சிலரின் வேலை. விதானை நகச்சுற்று விரலைத் தனியே நீட்டிவைத்து, மற்ற விரல்களால் பேனையைப் பிடித்து ஒப்பமிட்டார். கடதாசி வந்த வழியே ஏறிப் போனது. பெட்டிசமும் அறிக்கையும் ஒரே கையெழுத்து என்பதை உடையார் கவனிக்கவில்லை. மணியகாரரும் கவனிக்கவில்லை. கச்சேரியில் எத்தனை பேர் பார்த்தார்களோ, அவர்களும் கவனிக்கவில்லை. இரண்டையும் ஒரே நூலில் கோத்து எங்காவது அடுக்கியிருப்பார்கள்.

மறுத்திருக்கலாமே என்று இப்போது கேட்கலாம். மறுத்திருந்தால் அன்று மத்தியானம் சோறு இல்லை. அதைவிடப் பெரிய நியாயம் எனக்கு இருக்கவில்லை. சீவல்காரரிடம் கச்சேரி மறுத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் அதை நம்பி, கச்சேரியைத் திட்டினார்.

மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பிய ஒருவர் ஊரில் இருந்தார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். கமக்காரரோடு அவருக்கு ஒரு வேலி வழக்கு நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிணறு, ஒழுங்கை, சந்தை எல்லாம் கிராமச் சங்கத்தின் பொறுப்பு, ஏசண்டருக்கு எழுதிப் பயனில்லை என்று அவர்தான் எங்களுக்கு விளக்கினார். அந்தச் சங்கத்துக்கு எங்கள் வட்டாரத்தின் உறுப்பினராகக் கமக்காரர் மூன்று முறை போட்டியில்லாமல் வந்திருக்கிறார். இந்த முறை தேர்தலில் தானும் நிற்கப் போவதாகவும், வென்றால் முதற் கூட்டத்திலேயே குறிச்சிக்குக் கிணறு என்றும் பென்சன்காரர் சொன்னார். அவருடைய சொந்தக்காரரும் கமக்காரரோடு பகை உள்ளவர்களுமாக இருபது பேர்வரை அவர் பக்கம் இருந்தார்கள். குறிச்சி ஆட்கள் முப்பது பேரும் சேர்ந்தால் கமக்காரர் நிற்க முடியாது.

சீவல்காரருக்கு வாக்குப் போடுவது புதிதல்ல. சட்டசபைத் தேர்தலில் போட்டிருந்தார். தேர் பார்த்ததைச் சொல்வதுபோல அதைச் சொல்வார். பள்ளிக்கூட வாசலில் பொலிஸ்காரன் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டதையும், தனியே ஓர் அறைக்குள் போனதையும், தேர்தலில் நின்றவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி இருந்ததையும் சொல்வார். எந்தப் பெட்டியில் போட்டார் என்று பெண்சாதிக்குக்கூடச் சொன்னதில்லை.

"அந்த அறைக்குள்ளை நான் ஒருத்தன்தான், நயினார்," என்றார். "கமக்காரரும் அப்பிடி ஒருத்தராய்த்தான் போனவர்."

கிராமச் சங்கத்துக்குப் பெட்டி கிடையாது, மணியகாரருக்கு முன்னால் கை தூக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கணக்குப் பார்த்தார். கை தூக்கினால் கமக்காரர் காண்பார். வென்றால் கிணறு. தோற்றால் இப்போது கிடைக்கிற தண்ணீரும் இல்லை. மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது.

நீங்கள் எல்லாரும் வந்தால் போதும் என்றேன்.

"வாறம்," என்றார்.

வந்தால் போதும் என்றுதான் சொன்னேன். எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவேயில்லை. நான் எந்தத் தேர்தலிலும் வாக்குப் போட்டவன் அல்ல. ஒரு மழைக்கும் மறு மழைக்கும் இடையில் ஊர் மாறுகிறவனின் பெயர் எந்தப் பட்டியலில் ஏறும்?

தேர்தல் நாள் காலை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட வளவு நிறைந்துவிட்டது. சுற்றிவர ஆள் உயரத்துக்குப் பனையோலை வேலி. படலை அகலத் திறந்திருந்தது. மணியகாரர் மாமரத்தின் கீழ் கதிரையில் இருந்தார். பக்கத்தில் கிளாக்கர் ஒருவர் கடதாசியோடு நின்றார். எனக்கு வாக்கு இல்லாவிட்டாலும் உள்ளே வேலை இருந்தது. கமக்காரருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

கமக்காரரின் பெயரை முதலில் சொன்னார்கள். கைகள் எழுந்தன. கிளாக்கர் பென்சிலால் சுட்டிச் சுட்டி எண்ணினார். பிறகு பென்சன்காரரின் பெயர். உள்ளே எழுந்த கைகள் கமக்காரருக்கு எழுந்தவற்றைவிட ஐந்து குறைவாக இருந்தன. அப்போதுதான் நான் வேலியைப் பார்த்தேன். வேலிக்கு மேலே கைகள் தெரிந்தன. தலைகள் தெரியவில்லை, கைகள் மட்டும். தெற்குப் பக்க வேலி நீளத்துக்கும் கறுத்த, காய்த்த கைகள், ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றன. குறிச்சி முழுவதும் வந்திருந்தது. எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றிருந்தது. சட்டசபைத் தேர்தலில் கூப்பிட்டதுபோலப் பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து, கூப்பிடாததால் நின்ற இடத்திலேயே கையைத் தூக்கியிருந்தார்கள்.

கிளாக்கர் மணியகாரரைப் பார்த்தார். வளவுக்குள் நிற்பவர்களைத்தான் எண்ணலாம் என்று மணியகாரர் சொன்னார். பென்சன்காரர் எழுந்து, அவர்களும் பட்டியலில் உள்ளவர்கள்தானே என்றார்.

கமக்காரர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "படலை திறந்துதானே கிடக்கு. ஆர் மறிச்சது?"

மணியகாரர் நியாயமான மனிதர். வர விரும்புகிறவர்கள் உள்ளே வரலாம் என்று படலைப் பக்கம் பார்த்து உரத்துச் சொன்னார். கைகள் கீழே இறங்கின. படலையில் சீவல்காரர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். சால்வைகளை மரியாதைக்காக இடுப்பில் கட்டியிருந்தார்கள். ஒரு கால் வைத்தால் உள்ளே.

எனக்குப் பக்கத்தில் பென்சன்காரரின் மைத்துனர் நின்றார். அவர் மெல்லச் சாய்ந்து பென்சன்காரரின் காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது: "உவங்கள் உள்ளுக்கு வந்து எங்களோடை நிண்டால், அத்தான், நான் வெளியிலை. என்னோடை இன்னும் பத்துப் பேர் வெளியிலை."

பென்சன்காரர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீவல்காரர் என்னைப் பார்த்தார். வேறு யாரையும் அவர் பார்க்கவில்லை. வரச் சொன்னவன் நான்தானே. பத்து எட்டு நடந்து போய், அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்திருந்தால், மற்றவர்களும் பின்னால் வந்திருப்பார்கள். வந்திருந்தால் வென்றிருப்போமா, பென்சன்காரரின் ஆட்கள் முழுவதும் கமக்காரர் பக்கம் போயிருப்பார்களா, எனக்குத் தெரியாது. என் கையில் குடை இருந்தது. குடையைக் கீழே வைக்கலாம் என்பது கூட எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. நான் அசையவில்லை. மணியகாரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். கிளாக்கர் எழுதினார். முடிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கமக்காரர் குடையை என் கையிலிருந்து தானே வாங்கி மடக்கினார். கோபமாக இருக்கவில்லை.

"உன்ரை எழுத்து வடிவான எழுத்தடா தம்பி," என்றார். "ரெண்டு கடதாசியிலையும் வடிவாய்த்தான் கிடந்தது. மருமேன் அண்டைக்கே சொன்னவன். எனக்குக் கண்ணாடிதான் இல்லை, காது இருக்கு. நீ வாசிக்கேக்கை ஒரு இடமும் தட்டுப்படேல்லை. தான் எழுதினதைத்தான் ஒருத்தன் அப்பிடி வாசிப்பான்."

நாளையிலிருந்து தெற்குக் குறிச்சிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை என்றும், எனக்கும் அங்கே வேலை இல்லை என்றும் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொன்னார். மனதார அழைத்த குரலில்தான் சொன்னார். நான் சாப்பிடவில்லை. பசியில் செய்த மற்றக் காரியங்களுக்கு முன்னால் அது ஒன்றும் பெரிதல்ல.

மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஒழுங்கை வளைகிற முடக்கில் சீவல்காரர் நின்றார்.

"நாங்கள் வந்தனாங்கள்தானே, நயினார்?" என்றார்.

ஓம் என்றேன்.

"கையும் தூக்கினனாங்கள்."

ஓம்.

அவர் என்னை ஏசவில்லை. கணக்கை ஒருமுறை சரிபார்க்கிறவர்போல அவ்வளவும் கேட்டுவிட்டு, சந்தைக் கிணற்றைப் பற்றிக் கேட்டார். சுன்னாகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னச் சந்தை இருந்தது. அங்கத்தைய சங்கம், கயிறு தொடக்கூடாதவர்களுக்கு அள்ளி ஊற்றவென்று சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்திருக்கிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கயிற்றைத் தொட விடுவதைவிட ஆள் வைப்பது அந்தச் சங்கத்துக்குச் சுலபமாக இருந்தது. நானும் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

"மூண்டு கட்டை வரும்," என்றார். "விடியப் போய்ப் பாக்கிறன். மகளின்ரை நேரத்துக்கு ரெண்டு குடமெண்டாலும் வீட்டிலை இருக்கவேணும்."

அதற்குப் பிறகுதான் நான் நடக்கத் தொடங்கினேன். பெட்டிசத்துக்குப் பதில் எழுதியவனும் நான்தான் என்பதை அவரிடம் அங்கேயும் சொல்லவில்லை.

இணுவில் தாண்டிச் சந்தியில் வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு மாட்டு வண்டில் என்னை முந்தியது. வண்டில்காரர் என் நடையைப் பார்த்துப் பாவப்பட்டுப் பின்னால் ஏறச் சொன்னார். வாய் ஓயாத மனிதர். சீவல்காரர் கேட்ட அதே சந்தைக்குத்தான் போகிறார்; விடியமுன் இடம் பிடிக்க வேண்டுமாம். போன கிழமை தொடக்கம் அந்தச் சந்தையில் தண்ணீருக்குப் பெரிய கரைச்சல் என்றார். ஊற்றுகிற ஆள் காய்ச்சலில் விழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். கயிறு தொடக் கூடாதவர்கள் குடத்தோடு நின்று பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு போகிறார்கள்.

"வேறை ஆள் வைக்கேல்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"நாள் முழுக்கக் கிணத்தடியிலை நிண்டு உவையளுக்கு ஊத்த எங்கடை ஆக்களிலை ஆர் வருவான்? வெக்கமெல்லே," என்றார்.

வண்டில் மெல்லப் போனது. வெங்காய வாசம் மூக்கில் ஏற ஏறப் பசி கூடியது. மூன்று கட்டை நடந்து வந்து, ஆள் இல்லாத கிணற்றைப் பார்த்துக்கொண்டு இருபதடி தள்ளி நிற்கப் போகிற மனிதரைப் பற்றி நினைத்தேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை. பொழுது சாயச் சந்தைக்குப் பக்கத்து மடத்தில் இறங்கி, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

விடிந்ததும் சந்தை மேற்பார்வைக்காரரிடம் போனேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. முன்னே என்ன வேலை செய்தாய் என்று கேட்கவில்லை.

"நீ என்ன ஆக்கள்?" என்றார்.

என் சாதியைச் சொன்னேன். அது போதுமாக இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு வேலைக்கு என்னிடம் முழுத் தகுதியும் இருந்தது அந்த ஒருமுறைதான். துண்டுச் சீட்டு எழுதவும் ஆள் தேவைப்படும் என்று, எழுத வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

வாளியையும் கயிற்றையும் காட்டினார். குடத்தின் வாயில் வாளி முட்டக் கூடாது, உயர்த்திப் பிடித்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் சட்டம் என்றார். நான் கயிற்றை இறக்கினேன். கிணறு ஆழமாக இருந்தது. துலாவும் இல்லை, கப்பியும் இல்லை; கையால் இழுக்க வேண்டும். கிணற்றடிக்கு வெளியே ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே குந்தியிருந்தார்கள். நாலாவதாகச் சீவல்காரர் இருந்தார். தோளில் காத்தடி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குடம். கால் புழுதியாகியிருந்தது. இருட்டோடு புறப்பட்டிருப்பார்.

என்னைக் கண்டார். தன் முறை வரும்வரை குந்தியிருந்தார். வந்ததும் குடங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்னுக்குப் போய் நின்றார். மகள் எப்படி என்று கேட்டேன்.

"பிள்ளை நோக் கண்டிட்டுது," என்றார். "கெதியாய் ஊத்துங்கோ, நயினார்."

கெதியாக இழுத்தேன். உள்ளங்கையில் கயிறு எரிந்தது. இரண்டு குடத்தையும் கழுத்துவரை நிரப்பினேன். தெறிக்காமல் இருக்க அவர் ஒவ்வொரு குடத்து வாயிலும் பூவரசம் இலையைச் செருகி, காத்தடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குறு ஓட்டமாகப் போனார். அடுத்த குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாளியை இறக்கினேன்.